அந்த லாரி என்ன நிறம், அப்பா?

லேலண்ட், லங்காஷயர்
10.11.2024, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நாங்கள் மூவரும் நலம். உங்கள் முட்டிவலி, அம்மாவின் சர்க்கரை எல்லாம் எப்படி இருக்கின்றன? தினமும் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் "செரி கண்ணு, ஒடம்பப் பாத்துக்க" என்று சொல்லி இரண்டே நிமிடத்தில் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அது இரண்டு நிமிடத்தில் கேட்கிற விஷயம் இல்லை.

பெரிய வண்டி லைசென்ஸ் எடுத்து எட்டு மாதம் ஆகிறது. நாமக்கல் லைசென்ஸ் இங்கே செல்லாது என்பதால் எழுத்துத் தேர்விலிருந்து திரும்பத் தொடங்கி வாங்கினேன். இப்போது ஓட்டுவது ஆறு ஆக்சில் டிரெய்லர், பாரத்தோடு சேர்த்து 44 டன். கிளீனர் கிடையாது. இரவு ஒன்பதுக்கு எடுத்தால் விடியும்வரை நானும் வண்டியும்தான். மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி இன்ஜினையே கட்டி வைத்திருக்கிறார்கள். நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி நேரம் நிறுத்தியே ஆக வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பத்து. எல்லாம் ஒரு அட்டையில் பதிவாகிவிடும், ஏமாற்ற முடியாது. முதல் வாரம் அந்த முக்கால் மணி நேரம் இருட்டில் சும்மா உட்கார்ந்திருந்தபோது உங்களைத்தான் நினைத்தேன். சேலத்தில் எடுத்த வண்டியை நாக்பூர் போய்ச் சேரும்வரை "கொஞ்சம் தூங்கு" என்று உங்களிடம் சொல்ல ஒரு சட்டம் இருந்ததா?

பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். 84 வயது, தனியாக இருக்கிறார். செப்டம்பரில் ஒருநாள் காற்று பலமாக அடித்தது. தோட்டத்தில் விறகை மூட ஒரு தார்ப்பாயோடு அவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நான் போய்க் கயிற்றை வாங்கி, வைக்கோல் பாரத்துக்கு நீங்கள் போடுவீர்களே, ஒரு மடிப்பைச் சுருக்கி அதற்குள் கயிற்றை விட்டு மிதித்து இழுப்பது, அந்த முடிச்சைப் போட்டேன். அவர் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தார். இங்கே லாரிக்காரர்கள் அதற்கு 'டாலி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். "யார் கற்றுக்கொடுத்தது?" என்றார். அப்பா என்றேன். அடுத்த கேள்வி: "அவர் யாருக்கு ஓட்டினார்?"

நம்மூரில் "எந்தக் கம்பெனி வண்டிங்க?" என்று கேட்பீர்களே, அதே கேள்விதான். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கம்பெனி, நான் பிறப்பதற்கு முன்பே மூடிவிட்டது என்றேன். "வண்டி என்ன நிறம்?" என்றார். எனக்குத் தெரியவில்லை அப்பா. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அவர் 1956-ல், பதினாறு வயதில் வண்டியில் ஏறியவர், நம்மூர்க் கணக்கில் கிளீனராக. இங்கே லாரிக்குப் பின்னால் இன்னொரு வண்டியைக் கோத்து இழுத்தால், அதன் பிரேக்கைப் பார்த்துக்கொள்ள இரண்டாவது ஆள் இருந்தே ஆக வேண்டும் என்று அன்று சட்டம். அந்த இரண்டாவது ஆள் இவர். மூன்று டன்னுக்கு மேற்பட்ட லாரிக்கு அப்போது வேகம் மணிக்கு 20 மைல்தான், 1957-ல்தான் அதை 30 ஆக்கினார்களாம். லண்டனிலிருந்து கிளாஸ்கோ 400 மைல். அந்த வேகத்தில் போனால் எத்தனை நாள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கேபினில் ஹீட்டர் கிடையாது. காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு ஓட்டியிருக்கிறார்கள். 1963 குளிரில் டீசல் டேங்குக்குள்ளேயே மெழுகு மாதிரி உறைந்துபோக, துணியைச் சுருட்டிக் கொளுத்தி டேங்குக்கு அடியில் காட்டி வண்டியைக் கிளப்பினாராம். எனக்குக் கேட்கவே பயமாக இருந்தது. அவர் அதை டீ போடுகிற கதை மாதிரி சொல்கிறார்.

அவர் முதலில் ஓட்டியது அரசாங்க லாரி. நம்மூரில் தனியார் பஸ்களை எடுத்து சேரன், அண்ணா என்று ஓட்டியதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். இங்கே லாரிகளையே அப்படி எடுத்திருக்கிறார்கள். 1947-ல் சட்டம் போட்டு, அடுத்த ஆண்டிலிருந்து தூரத்து லோடு அடிக்கும் கம்பெனிகளை ஒவ்வொன்றாக வாங்கி, பிரிட்டிஷ் ரோடு சர்வீசஸ் என்று ஒரே பெயரில் சேர்த்தார்கள். தனியாராக மிஞ்சியவர்கள் தங்கள் இடத்திலிருந்து 25 மைலுக்கு மேல் வாடகைக்குப் போக வேண்டுமென்றால் தனி பெர்மிட் வாங்க வேண்டும். ஊர் ஊராக இருந்த கம்பெனி நிறங்கள் அழிந்து, பெரிய வண்டிகள் எல்லாம் சிவப்பாகின. அடுத்து ஆட்சிக்கு வந்த கட்சி 1953-ல் சட்டத்தை மாற்றிப் பாதியை விற்றுவிட்டது. மறுபடியும் குட்டிக் குட்டிக் கம்பெனிகள் முளைத்தன. மிச்சமிருந்த அரசாங்கக் கம்பெனியை 1982-ல் அங்கே வேலை செய்தவர்களும் ஓய்வு பெற்றவர்களும் பங்குபோட்டுத் தாங்களே வாங்கிக்கொண்டார்கள். விலை சுமார் 5 கோடி 30 லட்சம் பவுண்டு. டிரைவர்களே முதலாளிகள்! நாமக்கல்லில் டிரைவராக இருந்து, கூட்டுச் சேர்ந்து ஒரு வண்டி வாங்கி முதலாளி ஆனவர்களை நீங்கள் காட்டியிருக்கிறீர்கள். ஒரு அரசாங்கக் கம்பெனியே அப்படிக் கைமாறியதைக் கேட்டதும் எனக்கு அவர்கள்தான் ஞாபகம் வந்தார்கள்.

சனிக்கிழமை காலையில் அவர் என்னை ஒரு டீக்கடைக்குக் கூட்டிப்போகிறார். ஏழெட்டுப் பேர் வருவார்கள், எல்லாரும் பழைய டிரைவர்கள். அவர்கள் பேச்சில் ஆள் பெயர் வருவது குறைவு, கம்பெனி பெயர்தான் வரும். இவன் கார்லைல் ராப்சன்ஸ், அவன் பிளாக்பர்ன் பவுக்கர் என்று அறிமுகமே அப்படித்தான். ராப்சன்ஸ் எல்லைப்புற ஊர்க் கம்பெனி என்பதால் ஒவ்வொரு வண்டிக்கும் 'பார்டர்' என்று தொடங்கும் ஒரு பெயர். பவுக்கர் 1919-ல் தொடங்கியது, இன்றும் ஓடுகிறது. எடி ஸ்டோபார்ட் கம்பிரியாவில் ஒரு சின்னக் கிராமத்தில் தொடங்கிய கம்பெனி. அவர்கள் வண்டிகளுக்கெல்லாம் பெண் பெயர், முதல் வண்டி ட்விகி. டிரைவர்கள் அன்று டை கட்டியிருக்க வேண்டுமாம். ஒரு காலத்தில் குழந்தைகள் காரில் போகும்போது அந்தப் பச்சை வண்டிகளைப் பார்த்துப் பெயர் எழுதிக்கொள்வார்களாம். நம் வண்டிகளின் நெற்றியில் முதலாளி வீட்டுக் குழந்தைகளின் பெயர் இருக்குமே, நான் எழுத்துக்கூட்டிப் படித்ததே அதில்தான்.

அரசாங்க லாரிகளில் எந்த டிப்போ வண்டி என்பதற்கு ஒரு எண்ணும் எழுத்தும் இருக்கும். பழைய போட்டோவில் அதைப் பார்த்தாலே இவர்கள் ஊரைச் சொல்லிவிடுகிறார்கள். ராத்திரி லைனில் எதிரும் புதிருமாக வரும் இரண்டு டிரைவர்கள் நடுவழியில் சந்தித்து, வண்டியை மாற்றிக்கொண்டு அவரவர் ஊருக்கே திரும்பிவிடுவார்களாம். விடியும்போது வீடு. இத்தனை வருடம் கழித்தும் அதைச் சொல்லும்போது ஒருவர் முகம் மலர்ந்தது. நீங்கள் இருபது நாள் கழித்து வீடு வந்த தீபாவளிகளை நினைத்துக்கொண்டு நான் பேசாமல் இருந்தேன்.

ஒன்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். லேலண்டு என்பது யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரையின் பெயர் என்றுதான் இங்கு வரும்வரை நினைத்திருந்தேன். அது ஊர் பெயர். நாங்கள் குடியிருக்கிற இதே ஊர். 1896-ல் இங்கே நீராவி வண்டி செய்யத் தொடங்கி வளர்ந்த கம்பெனி அது. எண்ணூரில் அதோடு கூட்டுச் சேர்ந்துதான் அசோக் மோட்டார்ஸ் 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. நீங்கள் ஓட்டிய காமெட் இங்கே பிறந்த பெயர். பீவர், ஹிப்போ எல்லாமே இங்கத்திய பெயர்கள்தான். எட்டு சக்கர வண்டிக்கு ஆக்டபஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெரியவர் தனியாக ஓட்டிய முதல் வண்டியும் காமெட்தான் அப்பா! போனில் நம்மூர் காமெட் படம் ஒன்றைக் காட்டினேன். மரக் கேபின், நெற்றியில் சாமி படம், எலுமிச்சம்பழம், கறுப்புக் குஞ்சம். முன்னால் பதித்திருந்த லேலண்ட் என்ற எழுத்தை மட்டும் விரலால் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஊர்த் தொழிற்சாலை இன்றும் ஓடுகிறது. ஆனால் அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் கையில். வெளியே வரும் லாரிகளில் டாஃப் என்றுதான் எழுதியிருக்கும். லேலண்ட் என்ற பெயரைத் தாங்கிய புது லாரி இன்று நம் நாட்டிலிருந்துதான் வருகிறது என்று சொன்னேன். டீக்கடையில் எல்லாரிடமும் அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்.

போன மாதம் அவர் கேட்டுக்கொண்டபடி வடக்கே ஷாப் மலைக்குக் காரில் அழைத்துப் போனேன். ஸ்காட்லாந்து போகிற பழைய சாலை, ஏ-6, அந்த மலைமேல் ஏறி இறங்குகிறது. 1970-ல் பக்கத்தில் எம்-6 நெடுஞ்சாலை திறக்கும்வரை எல்லா லாரியும் அதில்தான் போக வேண்டும். ஆயிரத்து முந்நூறு அடிக்கு மேலே மொட்டை மேடு, மரம்கூட இல்லை. பனி விழுந்தால் வண்டிகள் வரிசையாக நின்றுவிடும். கீழே வீடுகளில் இருந்தவர்கள் டிரைவர்களைக் கூப்பிட்டுப் படுக்க இடமும் சூப்பும் கொடுப்பார்களாம். நம் தொப்பூர் கணவாயை நினைத்துக்கொள்ளுங்கள். வெயிலுக்குப் பதில் பனி, மற்றபடி அதே ஏற்றம், அதே இறக்கம், பிரேக் பிடிக்குமா என்ற அதே பயம்.

உச்சியில் சாலையோரமாக ஒரு கல் வைத்திருக்கிறார்கள். இந்தக் கடினமான பாதையில் வடக்கையும் தெற்கையும் இணைத்த வண்டிகளின் டிரைவர்களுக்கும் உடன் போனவர்களுக்கும், சாலையைப் போட்டுப் பராமரித்தவர்களுக்கும், பனியில் சிக்கியவர்களுக்கு உணவும் இடமும் கொடுத்த ஊர்க்காரர்களுக்கும் என்று அதில் பொறித்திருக்கிறது. ராஜாவுக்கு இல்லை, சண்டையில் செத்தவர்களுக்கு இல்லை. லாரிக்காரர்களுக்கு. உடன் போனவர்கள் என்று எழுதியிருந்த இடத்தில் பெரியவர் கையை வைத்துக்கொண்டு நின்றார், பதினாறு வயதில் அவர் அதுதானே. நான் தொப்பியைக் கழற்றிவிட்டேன். காற்றில் காது வலித்தது, அப்படியும் போட்டுக்கொள்ளத் தோன்றவில்லை.

பள்ளிக்கூடத்தில் சேரும்போது படிவத்தில் அப்பா தொழில் என்ற இடத்தில் நான் 'விவசாயம்' என்று எழுதினேன். ஒன்பதாம் வகுப்பில். லாரி டிரைவர் மகன் என்றால் வகுப்பில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டீர்கள். இதை உங்களிடம் நேரில் சொல்ல எனக்கு இத்தனை வருடமாகத் தைரியம் வரவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

மதுரை டி.வி.எஸ்., பொள்ளாச்சி ஏ.பி.டி. மாதிரிப் பெரிய பெயர்களை யாராவது எங்கேயாவது எழுதி வைத்திருப்பார்கள். ஆறு வண்டி வைத்து ஓட்டி, முதலாளி போனதும் பங்காளித் தகராறில் விற்றுப்போன உங்கள் செவ்வாய்ப்பேட்டைக் கம்பெனியை யார் எழுதி வைப்பார்கள்? அதில் ஓட்டியவர்களில் இன்னும் இருப்பது நீங்களும் சங்ககிரியில் இருக்கிற மாமாவும் மட்டும்தான் என்று அம்மா சொன்னார்கள்.

அதனால் கேட்கிறேன். வண்டி என்ன நிறம்? நெற்றிப் பலகையில் என்ன எழுதியிருந்தது, யார் எழுதியது? பாடி எங்கே கட்டியது? பேட்டா எவ்வளவு? உங்களோடு முதலில் வந்த கிளீனர் யார், அவர் இப்போது எங்கே? தொப்பூரில் இறங்கும்போது எந்த கியரில் இறங்குவீர்கள்? எழுத முடியாவிட்டால் தங்கச்சி மகனை உட்காரவைத்துப் போனில் பேசிப் பதிவு செய்து அனுப்புங்கள். எவ்வளவு நீளமாக இருந்தாலும் பரவாயில்லை, எனக்கு ராத்திரி முழுக்க நேரம் இருக்கிறது. சங்ககிரி மாமாவையும் ஒருநாள் வீட்டுக்கு வரச்சொல்லுங்கள். இரண்டு பேரும் சேர்ந்தால் ஒருவர் மறந்தது இன்னொருவருக்கு ஞாபகம் வரும், இங்கே டீக்கடையில் அப்படித்தான் நடக்கிறது.

பரணில் இருக்கிற தகரப் பெட்டியில் நீங்கள் ஒரு வண்டிமேல் கை வைத்து நிற்கிற போட்டோ இருக்கிறது. கறுப்பு வெள்ளை. அதன் பின்பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெரியவர் போன சனிக்கிழமையும் நிறத்தைக் கேட்டார், அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

பேத்தி உங்களுக்கு ஒரு லாரி வரைந்திருக்கிறாள், இதோடு வைத்திருக்கிறேன். நிறம் அடிக்காமல் விட்டிருக்கிறாள், நான்தான் அடிக்க வேண்டாம் என்றேன்.

அம்மா மாத்திரையை மறக்காமல் போடட்டும்.

உங்கள் அன்பு மகன்