விமான நிலையம் போகும் சாலையைச் சீர்செய்யக் கோரும் மனு

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், கன்னியாகுமரி மாவட்டம், நாகர்கோவில்.

பொருள்: தக்கலை – களியக்காவிளை சாலை நெரிசலால் விமானப் பயணிகள் படும் பாடு – நடவடிக்கை வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு வணக்கம். இதே பொருளில் முன்பும் மனு கொடுத்திருக்கிறோம். ரசீது இருக்கிறது, பதில் இல்லை. ஆகவே மறுபடியும் தங்கள் பார்வைக்குக் கொண்டுவருகிறேன்.

1. நம் மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. மதுரை 200 கிலோமீட்டருக்கும் அப்பால். தூத்துக்குடியின் வாகைக்குளம் விமான நிலையத்திலிருந்து வளைகுடாவுக்கு விமானம் கிடையாது. 1956-இல் தாய்த் தமிழகத்தோடு இணைந்த பிறகும் விமானம் ஏற நமக்குத் திருவனந்தபுரம்தான். சென்னையிலிருந்து அங்கே வான்வழியில் 600 கிலோமீட்டர் சொச்சம். ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்து இறங்கிவிடலாம். தக்கலையிலிருந்து அதே விமான நிலையத்துக்கு 50 கிலோமீட்டர் சொச்சம்தான். அதற்கு இரண்டரை மணி, மூன்று மணி ஆகிறது.

2. அழகியமண்டபம், சுவாமியார்மடம், இரவிபுதூர்கடை எல்லாம் தாங்கள் அறிந்த நெரிசல் இடங்கள். மார்த்தாண்டத்தில் மேம்பாலம் வந்தது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் பாலம் இறங்கியதும் குழித்துறை, படந்தாலுமூடு, களியக்காவிளை என்று வண்டி ஊர்கிறது. கல்லும் எம்சாண்டும் ஏற்றிய டாரஸ் லாரிகள் வரிசைகட்டினால் ஆம்புலன்சுக்கே வழி கிடைப்பதில்லை. அப்புறம், கடை வாசல்களில் இரண்டு வரிசையாக நிறுத்தும் கார்கள்.

3. என் தம்பி ஷார்ஜாவில் வேலை பார்க்கிறான். அம்மா இறந்த செய்தி கேட்டு, கிடைத்த முதல் விமானத்தில் ஏறினான். கடல் தாண்டி வர ஏறக்குறைய 4 மணி நேரம். காலையில் இறங்கியவன் மதியத்துக்குள் வந்துவிடுவான் என்று அடக்கத்துக்கு நேரம் குறித்தோம். களியக்காவிளையில் மாட்டிக்கொண்டான். "அண்ணே, கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க" என்று போனில் அழுதான். பொறுத்தோம். மழை வந்துவிட்டது, குழியில் தண்ணீர் ஊறத் தொடங்கியது, எவ்வளவு நேரம்தான் பொறுப்பது? குழித்துறை பாலம் தாண்டிவிட்டேன் என்று அவன் சொன்னபோது இங்கே மண் போட்டாயிற்று. அம்மாவின் முகத்தை அவன் பார்க்கவில்லை. ஷார்ஜாவிலிருந்து வர முடிந்தவனுக்குக் களியக்காவிளையிலிருந்து வர முடியவில்லையே! இதை யாரிடம் போய்ச் சொல்வது? இந்த வட்டாரத்தில் வளைகுடாவில் ஆள் இல்லாத தெரு உண்டா? நாளை இன்னொரு வீட்டில் இது நடக்கக் கூடாது.

4. எல்லை தாண்டி கேரளத்தில், பாறசாலை வழியாகப் போகும் சாலை தங்கள் அதிகாரத்தில் இல்லை, தெரியும். களியக்காவிளை வரை இருக்கிறதல்லவா? கனரக லாரிகளுக்கு நேரம் வரையறுத்து, அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்துங்கள். சாலையோரம் வண்டி நிறுத்துவதைத் தடுங்கள்.

5. நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு நேரடியாக இரவுப் பேருந்து விட ஏற்பாடு செய்யுங்கள். நள்ளிரவில் இறங்கி, டாக்சிக்குக் கேட்ட பணம் இல்லாமல், பெட்டியோடு திருவனந்தபுரம் தம்பானூர் பேருந்து நிலையத்தில் விடியும்வரை உட்கார்ந்திருப்பவர்கள் நம் ஊர்க்காரர்கள்தான்.

நான்குவழிச் சாலை முடியட்டும் என்று தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். அதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. லாரிகளுக்கு நேரக் கட்டுப்பாடும் நெரிசல் இடங்களில் நிறுத்தத் தடையும் தங்கள் உத்தரவால் நாளையே முடியும். அதைச் செய்து, எடுத்த நடவடிக்கையை எழுத்தில் தெரிவிக்குமாறு பணிவோடு, மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தக்கலை வட்டாரத்தில் குடியிருக்கும் ஒருவன்