கார் கம்பெனி வெண்டிலேட்டருக்கு சென்சார் எங்கே கிடைக்கும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரோனா காலத்தில் கார் கம்பெனிகள் வெண்டிலேட்டர் செய்த கதையைத் தங்கள் இதழில் படித்தேன். 'அன்று செய்தார்கள், அடுத்த தொற்று வந்தாலும் செய்துவிடுவார்கள்' என்கிற தொனியில் கட்டுரை முடிந்திருந்தது. தென்மாவட்ட மருத்துவமனை ஒன்றில் பத்தொன்பது வருடம் இந்த இயந்திரங்களைக் கழற்றி மாட்டிய பயோமெடிக்கல் ஆள் நான். கட்டுரையில் விட்டுப்போன ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

செய்தது உண்மைதான். 2020 மார்ச் மத்தியில் பிரிட்டிஷ் பிரதமர் போரிஸ் ஜான்சன் தொழிற்சாலைகளிடம் வெண்டிலேட்டர் கேட்டார். ஏர்பஸ், ஃபோர்டு, ரோல்ஸ் ராய்ஸ், மெக்லாரன் எல்லாம் சேர்ந்த கூட்டமைப்பு ஒன்று ஜூலை தொடக்கத்துக்குள் 13,437 கருவிகளைக் கொடுத்துவிட்டது. ஆனால் அது யாருடைய டிசைன்? பெரும்பாலானவை பென்லான் கம்பெனியின் டிசைன். அபிங்டனில் காலங்காலமாக மயக்க மருந்து இயந்திரம் செய்யும் சின்ன கம்பெனி அது. கையில் இருந்த பாகங்களை வைத்தே புது மாடலை அமைத்துக் கொடுத்தது. மீதி, ஸ்மித்ஸ் கம்பெனி ஏற்கனவே விற்றுக்கொண்டிருந்த எடுத்துச்செல்லும் வெண்டிலேட்டர். ஃபார்முலா ஒன் பந்தயக் கார் செய்யும் மெக்லாரன் பென்லான் கருவிக்கு டிராலி செய்தது. ஆமாம், சக்கரம் வைத்த டிராலி! இதைக் கேலியாகச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவர்களால் ஆன மிகச் சரியான வேலை அதுதான்.

புதுத் தாளில் முதலிலிருந்து வரைந்தவர்கள் என்ன ஆனார்கள்? டைசன் கம்பெனிக்குப் பத்தாயிரம் கருவிக்கு ஆர்டர் என்று உலகமெங்கும் செய்தி வந்தது. ஏப்ரல் 24-ஆம் தேதி, அது தேவைப்படாது என்று ஆகிவிட்டது. இரண்டு கோடி பவுண்டு சொந்தக் காசு போனதாக ஜேம்ஸ் டைசனே சொன்னார். ரெனோ, ரெட்புல் பந்தய அணிகள் சேர்ந்து செய்த எளிய கருவியும் அதே ஏப்ரலில் கைவிடப்பட்டது. ஒன்றிரண்டு நாள் தாக்குப்பிடிக்கும் கருவி போதும் என்று நினைத்துத் தொடங்கியிருந்தார்கள். கொரோனா நோயாளியோ வாரக்கணக்கில் குழாயோடு கிடந்தார்.

மெர்சிடிஸ் பந்தய அணியும் லண்டன் யுசிஎல் பல்கலைக்கழக ஆட்களும் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அவர்கள் செய்தது வெண்டிலேட்டர் அல்ல, அதற்கு ஒரு படி கீழே உள்ள சிபேப். தொண்டையில் குழாய் இறக்காமல், முகமூடி வழியாக அழுத்தத்தோடு காற்றைத் தரும் கருவி அது. பழைய கருவி ஒன்றை எடுத்துப் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு பாகத்தையும் அளந்து வரைந்தார்கள். நூறு மணி நேரத்துக்குள் முதல் கருவி தயார். பிறகு, பிஸ்டன் கடைந்த அதே இயந்திரங்களில் பத்தாயிரம் கருவிகளுக்கான பாகங்களைக் கடைந்தார்கள். ஸ்ரீபெரும்புதூர் கார் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் மைத்துனன் இதைக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "டிராயிங்கைக் கொடுங்க மச்சான், மணிக்கு எத்தனை வேணும்னு மட்டும் சொல்லுங்க. டிராயிங்கையும் எங்களையே போடச் சொன்னா அது வேற வேலை."

இது நேற்று வந்த ஞானமும் இல்லை. 1938-இல் மோரிஸ் கார் முதலாளி நஃபீல்டு பிரபு தன் கௌலி தொழிற்சாலையில் இரும்பு நுரையீரல் (நோயாளியைக் கழுத்துவரை உள்ளே படுக்க வைத்து மூச்சு விடச் செய்யும் பெட்டி) செய்து ஆஸ்பத்திரிகளுக்கு இலவசமாகவே அனுப்பினார். ஆயிரத்து எழுநூறுக்கும் மேல் செய்ததாகக் கணக்கு. அதுவும் அவர் டிசைன் இல்லை. ஆஸ்திரேலியாவில் எட்வர்ட் போத் என்பவர் பிளைவுட்டில் செய்து, நோயாளிகளைப் படுக்க வைத்துப் பார்த்துவிட்ட பெட்டி.

நம் நாட்டில் 2020 மார்ச்சில், ஆம்பு பையை, அதாவது மூச்சு கொடுக்கக் கையால் அமுக்கும் பையை, மோட்டார் வைத்து அமுக்கும் கருவி ஒன்றை மஹிந்திரா ஆட்கள் இரண்டே நாளில் செய்தார்கள். ₹7,500-க்குள் அடங்கும் என்று ஆனந்த் மஹிந்திரா ட்விட்டரில் போட்டபோது நானும் பத்துப் பேருக்கு ஃபார்வர்டு செய்தவன்தான். பை அமுங்குவதைப் பார்க்கக் கண்ணுக்கு நன்றாக இருந்தது. ஆனால் கொரோனாவில் நுரையீரல் நனைந்த கோணியாக இறுகிக் கிடக்கும். உயரத்தை வைத்துக் கணக்கிட்ட எடையில் கிலோவுக்கு 6 மில்லி, அதாவது அறுபது கிலோ ஆளுக்கு 360 மில்லிதான் ஒரு மூச்சுக்குத் தரலாம். மூச்சு வெளியேறிய பிறகும் உள்ளே கொஞ்சம் அழுத்தம் நிற்க வேண்டும். ஐசியூவில் 'பீப்' என்பது அதைத்தான். இவ்வளவையும் ஒவ்வொரு மூச்சுக்கும் அளந்து, தப்பினால் கத்த வேண்டும். விலையெல்லாம் அந்த அளப்பதற்கும் கத்துவதற்கும்தான்.

இனி என் கதை. பிரதமர் நிதியிலிருந்து ஐம்பதாயிரம் உள்நாட்டு வெண்டிலேட்டர் வாங்க ₹2,000 கோடி ஒதுக்கிய 2020-ஆம் ஆண்டில், நாடு முழுக்கக் கருவிகள் பெட்டி பெட்டியாக இறங்கின. எங்களுக்கும் நான்கு வந்தன. எந்த வழியில், எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். முன்பின் மருத்துவக் கருவி செய்யாத கம்பெனி. ஆள் போதாமல் இரண்டு பெட்டிகள் ஸ்டோரிலேயே கிடந்தன. 2021 மே மாதம், இரண்டாம் அலையில் இரவு பதினொரு மணிக்குத் தெர்மோகோலைப் பிய்த்து ஒன்றை வெளியே எடுத்தேன். சுவரில் உள்ள ஆக்சிஜன் பாயின்ட்டில் அதன் முனை பொருந்தவில்லை. வேறு முனை தேடி மாட்டினால், நோயாளிக்குப் போகும் காற்றில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அளக்கும் சென்சார் செத்துப்போயிருந்தது. அந்த சென்சார் ஒரு பேட்டரி மாதிரி. உறையைப் பிரித்து மாட்டிவிட்டால், கருவி ஓடினாலும் ஓடாவிட்டாலும் காற்றுப் பட்டே ஒன்றிரண்டு வருடத்தில் தீர்ந்துவிடும். இதில் அதற்கும் முன்பே போயிருந்தது.

வேறு வழியில்லாமல் ஓட்டினோம். அலாரம் கத்தும். சிஸ்டர் அமுக்குவார். இரண்டு நிமிடத்தில் மறுபடி கத்தும். மறுபடி அமுக்குவார். விடியும் நேரத்தில் அவர் கேட்டார்: "சார், இது சென்சாருக்குக் கத்துதா, பேஷன்ட்டுக்குக் கத்துதான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?" எனக்கும் தெரியவில்லை. காலையில் கம்பெனிக்குப் போன் போட்டேன். "அந்த ஆர்டரோட லைனை மூடிட்டோம் சார், மெயில் போடுங்க" என்றார்கள்.

பக்கத்துக் கட்டிலில் ஒன்பது வருடப் பழைய இறக்குமதி இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கும் அதே வாரம் சென்சார் தேவைப்பட்டது. மதுரை டீலரிடம் இருந்தது. ஆக்சிஜன் ஏற்றப் போன வண்டிக்காரரிடம் கொடுத்துவிட்டார், இரவே கைக்கு வந்தது. எந்த சிஸ்டரை எழுப்பிக் கேட்டாலும் அந்தத் திரையில் எந்த எண் எங்கே என்று சொல்வார். பழைய டிசைனைப் பெருக்கினால் இதெல்லாம் கூடவே வரும்: உதிரி, டீலர், பழகிய கை. மைசூரு ஸ்கான்ரே கம்பெனியின் டிசைனை பெங்களூரு பெல் (பாரத் எலெக்ட்ரானிக்ஸ்) நிறுவனம் எடுத்து முப்பதாயிரம் செய்ததே, அந்த வழியைத்தான் சொல்கிறேன்.

ஆகவே அடுத்த முறை அரசு கார் கம்பெனிகளைக் கூப்பிடும்போது, ஏற்கனவே வார்டில் ஓடும் இயந்திரத்தின் டிராயிங்கைக் கையில் கொடுத்துக் கூப்பிடட்டும். சென்சாரும் சுவர் முனையும் கடையில் கிடைக்கும் சாதாரண வகையாக இருக்க வேண்டும் என்றும், ஐந்து வருடத்துக்கு உதிரி தர வேண்டும் என்றும் டெண்டரில் எழுதட்டும். அந்த உதிரிக்கான பணத்தையும் அப்போதே ஒதுக்கட்டும்.

எங்களுக்கு வந்த நான்கில் ஒன்று இன்னும் ஓடுகிறது. மற்ற மூன்றிலிருந்தும் கழற்றிய பாகங்களால் அதை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மூன்றாவதில் இனிக் கழற்ற ஒரு ஃபேனும் ஒரு பேட்டரியும்தான் மிச்சம்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
திருநெல்வேலி.