மன்னர் தோற்றார், சரி. சம்பள பாக்கி என்னாச்சு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு மாணவர் பக்கத்தில் இங்கிலாந்து உள்நாட்டுப் போர் பற்றி வந்த கட்டுரையை என் பேத்தி நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள். மக்கள் ஒன்று திரண்டு மன்னரை வென்றார்கள் என்று அதில் முடித்திருந்தீர்கள். அந்த வரியைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

நான் சரித்திர வாத்தியார் இல்லை. பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு தோட்டத்தில் 31 வருஷம் செக்ரோல் (ஆள் வருகை, சம்பளப் பதிவேடு) எழுதிய கிராணி, அதாவது குமாஸ்தா. (ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றி எவ்வளவோ காலமாகிவிட்டது. எங்கள் வாயில்தான் அது வரமாட்டேன் என்கிறது.) யாருக்கு எத்தனை நாள் பேர் விழுந்தது, எவ்வளவு பிடித்தம், எவ்வளவு பாக்கி என்று பார்த்தே பழகிய கண் எனக்கு.

மதச் சண்டையும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முதலாம் சார்லஸ் 1629 முதல் 11 வருஷம் நாடாளுமன்றத்தைக் கூட்டாமலே ஆண்டார். அதைக் கூட்டாமல் புது வரி போட வழியில்லை. அதனால் கப்பல் பணம் என்ற பழைய வசூலைத் தூசி தட்டி எடுத்தார். போர்க் காலத்தில் கடலோர ஊர்கள் கொடுத்து வந்தது அது. 1635 இல் கடலையே பார்க்காத ஊர்களுக்கும் சீட்டு போனது. ஜான் ஹாம்டன் என்ற பணக்காரர் தன் ஒரு நிலத்துக்கு வந்த 20 ஷில்லிங்கைக் கட்ட மறுத்து வழக்காடினார். 12 நீதிபதிகளில் 7 பேர் மன்னர் பக்கம். பணத்துக்குக் குறைச்சல் இல்லாத மனுஷன். கேட்காமல் எடுக்கலாமா என்பதுதான் அவர் வழக்கு. பிடித்தம் போட்டால் காரணம் எழுது என்று என்னிடம் சண்டைக்கு வந்த மண்டோர் (தொழிலாளர்களை மேய்க்கும் கங்காணி) ஒருவர் நினைவுக்கு வருகிறார்.

இதுவரை நானும் நாடாளுமன்றக் கட்சிதான். ஆனால் 1642 இல் போர் தொடங்கியதும் அதே நாடாளுமன்றம் என்ன செய்தது? 1643 இல் பீர்மேல் கலால் வரி. அப்புறம் இறைச்சி, உப்புமேலும் வந்தது. ஹாம்டன் வழக்கு நிலம் வைத்திருந்தவர் வழக்கு. உப்பு யார் வீட்டில் இல்லை?

'மக்கள்' என்று எழுதினீர்களே, அப்போது மாவட்டத் தொகுதிகளில் ஓட்டுப் போட வருஷத்துக்கு 40 ஷில்லிங் வருமானம் தரும் சொந்த நிலம் வேண்டியிருந்தது. நம் லயத்துக்காரர்கள் (தோட்ட வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளர்கள்) அங்கே பிறந்திருந்தால் ஒருவருக்கும் ஓட்டுக் கிடைத்திருக்காது.

சண்டை போட்டவர்களைப் பாருங்கள். காலாட்படை வீரனுக்கு நாளுக்கு 8 பென்ஸ், சாப்பாடும் அதில்தான். 1645 இல் நேஸ்பியில் மன்னர் படையை முறித்தது இவர்கள். 1647 இல் வேலை முடிந்தது, கலைந்து போங்கள் என்றது நாடாளுமன்றம். காலாட்படைக்கு 18 வாரம், குதிரைப்படைக்கு 43 வாரம் சம்பளம் பாக்கி. தருகிறோம் என்றது 6 வாரச் சம்பளம்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் தோட்டம் கைமாறியபோது நஷ்டஈட்டுப் பட்டியலை எழுதியது நான்தான். 22 வருஷம் பால் மரம் (ரப்பர்) வெட்டிய ஓர் அம்மாவின் கணக்கில் 14 வருஷம்தான் இருந்தது. மிச்சத்துக்கு ரெக்கார்டு இல்லை என்று மேலே சொல்லிவிட்டார்கள். கையெழுத்து என்னுடையது.

அந்தப் படைவீரர்கள் சும்மா கலையவில்லை. படைப்பிரிவுக்கு இரண்டு பேராகத் தங்களுக்குள்ளேயே ஆள் தேர்ந்தெடுத்தார்கள், தொழிற்சங்கக் கமிட்டி போல. அந்த அக்டோபரில் லண்டனை அடுத்த பட்னியில், மாதா கோயிலில் பேச்சைத் தொடங்கி ஓட்டுரிமை வரை பேசினார்கள். இங்கிலாந்தின் ஆகப் பெரியவனுக்கு வாழ ஓர் உயிர் உள்ளது போலத்தான் ஆகப் பரம ஏழைக்கும் என்றார் கர்னல் ரெயின்ஸ்பரோ. சொத்தில்லாதவனுக்கு ஓட்டா என்று மறுத்தவர் நாடாளுமன்றப் படைத் தளபதி கிராம்வெல்லின் மருமகன் அயர்டன். அடுத்த மாதமே கலகம் செய்ததாக ஒரு வீரனைச் சுட்டுக் கொன்றார்கள். சம்பள பாக்கியில் பெரும்பகுதி காசாக இல்லை, கடன் பத்திரமாகத்தான் வந்தது. கையில் காசில்லாத வீரர்கள் அதை அடிமாட்டு விலைக்கு விற்றார்கள்; வாங்கியவர்களில் அவர்களுடைய அதிகாரிகளே நிறையப் பேர்.

மன்னரைக் கொன்ற நாடாளுமன்றமும் முழு நாடாளுமன்றம் இல்லை. 1648 டிசம்பரில் கர்னல் பிரைட் பெயர்ப் பட்டியலோடு வாசலில் நின்று, வேண்டாத உறுப்பினர்களைத் திருப்பி அனுப்பினார். தோட்டத்துப் பெரட்டில் (காலை ஆள் கணக்கெடுப்பில்) பேர் வெட்டிய மாதிரி! மிச்சம் இருந்தவர்கள் அமைத்த நீதிமன்றம்தான் 1649 ஜனவரி 30 இல் சார்லஸின் தலையை வாங்கியது. அந்த மிச்சத்தையும் 1653 இல் கிராம்வெல் விரட்டினார். 1660 இல் சார்லஸின் மகன் அரியணைக்குத் திரும்பி வந்தார்.

ஆகவே அடுத்த மாணவர் பக்கத்தில் அந்தக் கடைசி வரியைத் திருத்தி, பட்னி பற்றி நாலு வரி சேர்த்துப் போடுங்கள். நோட்டில் பழைய கட்டுரைக்குக் கீழே பேத்தி அரைப் பக்கம் இடம் விட்டு வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செக்ரோல் கிராணி,
பத்தாங் பெர்ஜுந்தை, சிலாங்கூர்