நூலக வாசிப்புப் பதிவுகளைக் கண்காணிப்பிலிருந்து காக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
அரசியல் அறிவியல் துறை ஆசிரியர் மற்றும் மாணவர்கள்
(பெயர்களும் கையெழுத்துகளும் இணைப்பில்)

பெறுநர்:
உயர்கல்வித் துறைச் செயலாளர் அவர்கள்

பொருள்: கல்லூரி, பல்கலைக்கழக நூலகங்களில் யார் எந்த நூலைப் படித்தார் என்ற விவரத்தை நீதிமன்ற ஆணையின்றி எவருக்கும் தரக் கூடாது என்றும், நூல் திரும்பி வந்ததும் அப்பதிவை அழிக்க வேண்டும் என்றும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நான் கல்லூரியில் அரசியல் சிந்தனை கற்பிக்கும் ஆசிரியர். என்னோடு என் மாணவர்களும் இந்த மனுவில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். கையெழுத்திடத் தயங்கியவர்களும் உண்டு. அவர்களுக்காகவும்தான் எழுதுகிறேன்.

சென்ற பருவத்தில் எங்கள் நூலகத்துக்கு ஓர் அதிகாரி வந்தார். கடிதம், ஆணை எதுவும் கொண்டுவரவில்லை. சர்வாதிகாரம், அரசுக் கண்காணிப்பு பற்றிய சில நூல்களை யார் யார் எடுத்தார்கள் என்று வாய்மொழியாகக் கேட்டார். நூலகர் கணினியில் தேடி, பெயர், பதிவெண், எடுத்த தேதி எல்லாம் அடங்கிய பட்டியலை அச்செடுத்துக் கொடுத்துவிட்டார். அவர் மேல் எங்களுக்கு வருத்தமில்லை. தர முடியாது என்று சொல்ல அவர் கையில் ஒரு விதியோ சுற்றறிக்கையோ இல்லை. அந்த விதியைத்தான் தங்களிடம் கேட்கிறோம்.

அதன் பிறகு யாரையும் விசாரிக்கவில்லை, யார் மேலும் வழக்கு இல்லை. ஆனால் விஷயம் ஒரே நாளில் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. சர்வாதிகாரத்தின் தோற்றுவாய்கள் பற்றி அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட் 1951-இல் வெளியிட்ட நூல் எங்கள் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. ஒரு மாணவி அதை அலமாரிகளுக்கு நடுவே நின்றபடியே படித்து, குறிப்பெடுத்துக்கொண்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார். வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாகப் படிக்கலாமே என்றேன். "எடுத்தா பேர் ஏறிடும் சார்" என்றார். கண்காணிப்பு பற்றி ஆய்வேடு எழுதுவதாக இருந்த இன்னொரு மாணவர் உள்ளாட்சி நிதிக்கு மாறிவிட்டார். அதுவும் நல்ல தலைப்புதான், ஆனால் அவர் விரும்பி எடுத்ததல்ல.

எதுவுமே நடக்கவில்லையே, பிறகு என்ன பாதிப்பு என்று தங்கள் அலுவலகத்தில் யாரேனும் கேட்கலாம். அதற்கான பதில் நாங்கள் நடத்தும் பாடத்திலேயே இருக்கிறது. ஆங்கிலேயச் சிந்தனையாளர் ஜெரமி பெந்தம் 1791-இல் வெளியிட்ட சிறைத் திட்டத்தில், நடுக் கோபுரத்தில் காவலர் இருக்கிறாரா இல்லையா என்பது கைதிக்குத் தெரியாது. தெரியாததாலேயே அவர் எந்நேரமும் அடங்கி நடப்பார் என்பதுதான் கணக்கு. மேற்கு ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 1983 டிசம்பர் 15 அன்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வழக்கில் வழங்கிய தீர்ப்பும் இதையே சட்டத்தின் மொழியில் சொன்னது. தன்னைப் பற்றி என்னென்ன பதிவாகிறது என்று தெரியாத ஒருவர், கூட்டத்துக்குப் போவது போன்ற தன் உரிமைகளைத் தானாகவே விட்டுக்கொடுத்துவிடுவார். அது அவருக்கு மட்டுமல்ல, பொதுநலத்துக்கும் கேடு என்றது. எங்கள் நூலகத்தில் நின்றுகொண்டே படித்த அந்த மாணவியை நினைக்காமல் என்னால் இப்போது அந்தத் தீர்ப்பைப் பாடம் நடத்த முடியவில்லை.

அரசுக்கு உளவே கூடாது என்று நாங்கள் வாதாட வரவில்லை. வள்ளுவர் ஒற்றாடலுக்கென்று, அதாவது உளவறிவதற்கென்று, ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். அதன் முதல் குறள்:

ஒற்றும் உரைசான்ற நூலும் இவையிரண்டும்
தெற்றென்க மன்னவன் கண்.

ஒற்றையும் நூலையும் அவர் ஒரே மூச்சில் ஆட்சியாளரின் இரு கண்கள் என்கிறார். ஒன்றைக் கொண்டு மற்றொன்றைக் குத்தலாமா? அதே அதிகாரத்தில், யாரை ஆராய வேண்டும் என்று சொல்லும் இடத்தில் முதலில் வருபவர்கள் அரசின் பணிகளைச் செய்வோர், அப்புறம் ஆள்பவரின் சுற்றத்தார், அதன் பிறகே வேண்டாதவர்கள். ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னொருவரை வைத்துச் சரிபார்க்க வேண்டும், ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல்லும் ஒத்துப்போனால்தான் நம்ப வேண்டும் என்றெல்லாம் வரம்பு கட்டுகிறார். எங்கள் நூலகத்தில் பட்டியல் கேட்கப்பட்டபோது ஒரு தாளில் ஒரு வரிகூட எழுதப்படவில்லை.

நூலை விட்டு ஒற்றை மட்டும் நம்பிய அரசு என்னவாயிற்று என்பதற்குக் கிழக்கு ஜெர்மனி இருக்கிறது. 1989-இல் அதன் உளவு அமைப்பும் ரகசியக் காவலுமான அரசுப் பாதுகாப்பு அமைச்சகத்தில், அதாவது ஸ்டாசியில், ஏறத்தாழ 91,000 முழுநேர ஊழியர்கள், அதற்கு மேல் 1,70,000-க்கும் அதிகமான ரகசியத் தகவலாளிகள். அவர்கள் சேர்த்துவைத்து இன்று காப்பகத்தில் இருக்கும் கோப்புகளை வரிசையாக அடுக்கினால் 111 கிலோமீட்டர். மக்களின் மனக்குமுறலைப் பற்றிய அறிக்கைகளும் மேலிடத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன. கேட்கும் மனம்தான் மேலே இல்லை. அந்த ஆண்டு நவம்பர் 9 அன்று பெர்லின் சுவர் திறந்தது. 1992 முதல் மக்கள் தங்கள் கோப்புகளைத் தாங்களே வாங்கிப் படிக்கத் தொடங்கினார்கள். நண்பர், உடன் பணியாற்றியவர், சிலருக்குக் கணவரே தகவல் கொடுத்திருந்தார் என்பது அப்போதுதான் தெரியவந்தது. நாடு போன பிறகும் அந்தக் காயம் ஆறவில்லை.

ஜனநாயக நாடுகளும் இதில் சறுக்கியிருக்கின்றன, திருத்திக்கொண்டும் இருக்கின்றன. அமெரிக்காவில் 1962-இல் ஒரு சட்டம் வந்தது. வெளிநாட்டிலிருந்து கம்யூனிசப் பிரசாரம் என்று கருதப்பட்ட இதழ் தபாலில் வந்தால், தபால் துறை அதை நிறுத்திவைத்து, பெற வேண்டியவருக்கு ஓர் அட்டை அனுப்பும். வேண்டும் என்று குறித்துத் திருப்பி அனுப்பினால்தான் இதழ் கைக்கு வரும். தடை என்று எதுவும் இல்லை, ஒரு குறி போட்டால் போதும். அந்த ஒரு குறியே பேச்சுரிமையைப் பறிக்கிறது என்று 1965-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சட்டத்தை ரத்து செய்தது. பணிப் பாதுகாப்பு இல்லாத ஆசிரியர் அப்படி ஓர் அட்டையில் குறியிட எவ்வளவு பயப்படுவார் என்பதையும் நீதிமன்றம் எண்ணிப் பார்த்தது. பின்னர் 1980-களில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் நூலகங்களுக்குப் போய் வாசகர் விவரம் கேட்டது வெளியே வந்தபோது நூலகர்களே எதிர்த்து நின்றார்கள். இன்று அந்நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் நூலகப் பதிவுகளைக் காக்கச் சட்டம் இருக்கிறது.

எனவே, கீழ்க்கண்டவற்றைத் தாங்கள் ஆணையாகவோ சுற்றறிக்கையாகவோ பிறப்பிக்கக் கோருகிறோம். நூல் திரும்பி வந்து, அபராதமோ சேதமோ பாக்கி இல்லை என்றானவுடன், அந்த நூலுக்கும் வாசகருக்கும் உள்ள தொடர்பை நூலக மென்பொருள் அழித்துவிட வேண்டும். இது பெரிய செலவுள்ள வேலையில்லை. பல நூலக மென்பொருள்களில் இதற்கான அமைப்பு ஏற்கெனவே உண்டு, இயக்கிவிட வேண்டியதுதான். எந்த நூல் எத்தனை முறை போனது என்ற எண்ணிக்கை, பெயரில்லாமல் இருந்தால் போதும். நூலகக் கணினிகளில் தேடிய விவரங்களுக்கும் இதே விதி பொருந்த வேண்டும். குற்ற விசாரணைக்கு உண்மையிலேயே தேவைப்பட்டால், நீதிமன்ற ஆணையோடு, குறிப்பிட்ட நபரைப் பற்றி மட்டும் கேட்கட்டும். அதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஒரு நூலின் பெயரைச் சொல்லி அதைப் படித்தவர்கள் எல்லோரையும் கேட்பதுதான் கூடாது. ஆணையில்லாமல் கேட்டால் மறுக்கும் நூலகருக்குப் பணியில் எந்தப் பாதிப்பும் வராது என்றும் அதில் எழுதியிருக்க வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால் மற்ற விதிகள் காகிதத்தோடு நின்றுவிடும்.

இன்னொன்றும் உண்டு. உலக அரசியல் சிந்தனை என்ற தாளில் கண்காணிப்பும் எதேச்சாதிகாரமும் தனி அலகாக இடம்பெறத் துறை பரிந்துரைக்க வேண்டும். இப்போது பெரும்பாலும் மேற்கத்தியச் சிந்தனையாளர்களோடு பாடம் முடிந்துவிடுகிறது. பண்டைய சீனத்தில் அமைச்சர் ஷாங் யாங் குடும்பங்களை ஐந்தைந்தாகவும் பத்துப்பத்தாகவும் சேர்த்து ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்க வைத்ததும், கௌடில்யர் மாணவர் வேடத்தில் ஒற்றர் வைக்கச் சொன்னதும் மாணவர்களுக்குத் தெரிய வேண்டாமா? அலெப்போவில் பிறந்து 1902-இல் கெய்ரோவில் மறைந்த அரபுச் சிந்தனையாளர் அப்துல் ரஹ்மான் அல்-கவாகிபி, உஸ்மானியப் பேரரசின் தணிக்கையை நேரில் அனுபவித்தவர். கொடுங்கோலன் இலக்கணப் படிப்புக்கு அஞ்சுவதில்லை, வரலாறு, அரசியல், உரிமைகள் பற்றிய படிப்புக்கே அஞ்சுகிறான் என்று எழுதினார். தங்கள் துறை இந்தப் படிப்புக்கு அஞ்சாது என்ற நம்பிக்கையில்தான் இந்த மனு.

எங்கள் நூலகத்திலிருந்து போன பட்டியல் இப்போது யாரிடம் இருக்கிறது, எதற்காகக் கேட்கப்பட்டது என்பதை விசாரித்து, அதை அழிக்க ஏற்பாடு செய்து, அந்த விவரத்தை எங்களுக்கு எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கவும் வேண்டுகிறோம். அடுத்த பருவத்துக்கான ஆய்வேட்டுத் தலைப்புகள் பதிவு தொடங்கும் முன்பே பதில் கிடைத்தால், தலைப்பை மாற்றிக்கொண்டவர்கள் பழைய தலைப்புக்குத் திரும்ப வாய்ப்பிருக்கும். நேரில் விளக்கத் தாங்கள் நேரம் ஒதுக்கினால் மாணவர்களோடு வந்து சந்திக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அரசியல் அறிவியல் துறை ஆசிரியர் மற்றும் மாணவர்கள்

இணைப்பு: கையெழுத்துப் பட்டியல்