நின்ற இடத்தில் உறுமவிட வேண்டாம்: நீலகிரி டீசல் வண்டி ஓட்டுநர்களுக்கும் உரிமையாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

நீலகிரி மலையில் பிக்கப், மேக்ஸி கேப், வேன், ஜீப், லாரி ஓட்டும் தோழர்களுக்கும், அந்த வண்டிகளின் உரிமையாளர்களுக்கும் வணக்கம்.

டிசம்பரில் தலைகுந்தாவிலும் காந்தலிலும் உறைபனி விழத் தொடங்கினால், விடியும் முன்பே ஊட்டித் தெருக்களில் இன்ஜின்கள் உறுமத் தொடங்கிவிடும். வண்டியை ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலேட்டரை விட்டு விட்டு மிதித்து, கால் மணி நேரம், இருபது நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிடுகிறீர்கள். இன்ஜின் கெடக் கூடாது என்ற அக்கறையில்தான் செய்கிறீர்கள். ஆனால் அதனால் இன்ஜின் சீக்கிரம் சூடாவதும் இல்லை, அதன் ஆயுள் கூடுவதும் இல்லை. ஸ்டார்ட் ஆனதும் அரை நிமிடம், உறைபனி நாளில் ஒன்றிரண்டு நிமிடம் நின்றால் போதும். பிறகு மெதுவாக ஓட்டியே சூடேற்றுங்கள். இந்த மடலில் நாங்கள் கேட்பது இதைத்தான்.

டீசல் இன்ஜின் ஐடிலில், அதாவது வண்டி நகராமல் குறைந்த வேகத்தில், ஓடும்போது மிகக் கொஞ்சம் டீசலைத்தான் எரிக்கிறது. காற்றையோ வேண்டிய அளவுக்கு மேல் பல மடங்கு இழுத்துத் தள்ளுகிறது. எரிவதில் கிடைக்கும் சொற்ப வெப்பத்தின் பெரும்பகுதி அந்தக் குளிர்ந்த காற்றோடு சைலென்சர் வழியாகப் போய்விடும். அதனால்தான் எவ்வளவு நேரம் நின்றாலும் டெம்பரேச்சர் முள் சோம்பலாகவே ஏறுகிறது. லோடு விழுந்தால்தான் டீசல் இன்ஜின் சூடாகும். அதாவது வண்டி ஓட வேண்டும்.

குளிர்ந்த சிலிண்டரில் டீசல் முழுதாக எரிவதில்லை. காலையில் வரும் வெள்ளைப் புகை பெரும்பாலும் எரியாத டீசல்தான். அதில் ஒரு பகுதி சிலிண்டர் சுவரில் படிந்து, அங்கிருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு பிஸ்டன் ரிங்கைத் தாண்டி, இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் சம்ப்புக்கு இறங்கும். நாளடைவில் ஆயில் நீர்த்துவிடும். ஆயில் அளக்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் மட்டம் குறையாமல் ஏறிக்கொண்டே வந்தால் அதை நல்ல அறிகுறி என்று நினைக்காதீர்கள். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த, பிஎஸ்-6 புகை மாசு விதிப்படியான வண்டிகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. சைலென்சர் பக்கம் இருந்து புகையின் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டரில் கரி சேரும். அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள ஏறக்குறைய 600 டிகிரி வெப்பம் வேண்டும். நின்ற இடத்தில் ஓடினால் கரி சேருமே தவிர எரியாது.

நின்றபடி ஆக்ஸிலேட்டரை மிதித்து ரேஸ் கொடுப்பது இன்னும் மோசம். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலக்கூடியது. அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. இரவெல்லாம் குளிர்ந்து கெட்டியான ஆயில் அங்கே போய்ச் சேரச் சில விநாடிகள் ஆகும். அந்த நேரத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் உலோகம் உலோகத்தோடு உரசும்.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அமுக்கிச் சூடாக்கி, அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. காற்று மெலிந்தும் குளிர்ந்தும் இருந்தால் அமுக்கியபின் கிடைக்கும் சூடும் குறையும். மேட்டுப்பாளையத்தில் ஒரே செல்ஃபில் எடுத்த வண்டி இங்கே முரண்டு பிடிக்க இதுதான் காரணம். சுற்றுலாப் பயணிகளோடு மேலே வந்து இரவு தங்கும் சமவெளி ஓட்டுநர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஸ்டார்ட் செய்யும் முறையைச் சொல்கிறோம். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வையுங்கள். ஹெட்லைட், புளோயர், பாட்டு எல்லாம் அணைந்திருக்கட்டும். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினால் சிலிண்டருக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக்குகள் வேலை செய்யும், சுருள் போன்ற மஞ்சள் ஹீட்டர் லைட் எரியும். அது அணையும் வரை பொறுங்கள். பழைய வண்டியாக இருந்து, குளிரும் கடுமையாக இருந்தால், சாவியை அணைத்து இன்னொரு முறை ஹீட்டர் போடுங்கள். பிறகு கிளட்சை முழுதாக மிதித்தபடி செல்ஃப் அடியுங்கள். கிளட்சை மிதிக்காவிட்டால் கெட்டியான கியர் ஆயிலையும் சேர்த்துச் சுற்ற வேண்டிய சுமை செல்ஃப் மோட்டார் மேல் விழும். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். எடுக்காவிட்டால் அரை நிமிடமாவது விட்டு அடியுங்கள். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் இருக்கும் காமன் ரெயில் வண்டியில் ஆக்ஸிலேட்டரைத் தொடவே தேவையில்லை. மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய வண்டியில் லேசாக மிதிக்கலாம்.

ஸ்டார்ட் ஆன சில விநாடிகளில் ஆயில் லைட் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே இன்ஜினை நிறுத்திவிடுங்கள். அணைந்தால் கிளட்சை மெல்ல விட்டு, அரை நிமிடம், உறைபனி நாளில் ஒன்றிரண்டு நிமிடம் கழித்துக் கிளம்புங்கள். முள் நன்றாக ஏறும் வரை 2,000 ஆர்பிஎம்முக்குள் ஓட்டுங்கள். மேட்டில் பெரிய கியரில் திணறவிடாமல், முன்கூட்டியே சின்ன கியருக்கு வந்துவிடுங்கள். காலையிலேயே கேரட் லோடோடு குன்னூர் பக்கம் இறங்குபவர்களுக்கு முள் மெதுவாகத்தான் ஏறும். இறக்கத்தில் டீசல் அதிகம் எரிவதில்லை என்பதால் அது இயல்பே. அதற்காக நியூட்ரலில் விட்டு இறங்காதீர்கள்.

இவ்வளவு செய்தும் வண்டி எடுக்கவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஹீட்டர் பிளக்குகளை. நான்கு சிலிண்டருக்கு நான்கு இருக்கும். காமன் ரெயில் இன்ஜினில் ஒன்றிரண்டு செத்துப்போனாலும் வண்டி எப்படியோ எடுத்துவிடும். முதல் ஒரு நிமிடம் உதறும், வெள்ளைப் புகை தள்ளும், அவ்வளவுதான். அதனால் பலருக்கும் குறை தெரிவதே இல்லை. வண்டி சூடாக வேண்டும் என்று இன்னும் ஐந்து நிமிடம் கூடுதலாக நிறுத்திவைக்கிறார்கள். ஒயரைக் கழற்றி, மல்டிமீட்டரில் பிளக்கின் முனைக்கும் இன்ஜின் உடலுக்கும் இடையே பாருங்கள். நல்ல பிளக் பொதுவாக அரை ஓமிலிருந்து இரண்டு ஓம் வரை காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் உள்ளே சுருள் அறுந்துவிட்டது. நான்குமே வேலை செய்யவில்லை என்றால் பிளக்கை மாற்றும் முன் ரிலேயையும் ஃபியூஸையும் பாருங்கள். பிளக்கைக் கழற்றும்போது இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். குளிர்ந்த சிலிண்டர் ஹெட்டில் (சிலிண்டரின் மேல்மூடியில்) பலத்தைக் காட்டினால் பிளக் பாதியில் முறிந்துவிடும். பிறகு ஹெட்டையே இறக்க வேண்டி வரலாம்.

அடுத்தது பேட்டரி. இரவு முழுதும் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது, அல்லது டெர்மினலில் பச்சை பூத்திருக்கிறது. சரிவில் உருட்டி ஸ்டார்ட் செய்யும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். இன்ஜின் ஓடாதபோது பிரேக் பூஸ்டர் உதவாது, பவர் ஸ்டியரிங் கனக்கும். இந்த மலைத் தெருக்களில் அது உயிரோடு விளையாடுவது.

ஸ்டார்ட் ஆகி ஒரு நிமிடத்தில் நின்றுபோகிறதா, வேகம் எடுக்காமல் திணறுகிறதா? டீசலைச் சந்தேகியுங்கள். குளிரில் டீசலில் உள்ள மெழுகு துகளாகப் பிரிந்து ஃபில்டரை அடைக்கும். ஃபில்டர் அடைபடும் வெப்பநிலை நவம்பர் முதல் பிப்ரவரி வரை விற்கும் டீசலுக்கு 6 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, மற்ற மாதங்களில் 18 டிகிரி வரை இருக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். ஆகவே கோடையில் பேரலில் வாங்கிவைத்த டீசலை உறைபனி நாளில் ஊற்றாதீர்கள். அடைத்துவிட்டால் ஃபில்டர் மேல் வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றுங்கள். டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செபரேட்டரின் அடித் திருகைத் தளர்த்தி, சுத்தமான டீசல் வரும் வரை தண்ணீரை இறக்குங்கள். மண்ணெண்ணெய் கலக்கும் பழைய வழக்கம் இன்றைய வண்டிக்கு ஆகாது. வழுவழுப்புக் குறைந்து காமன் ரெயில் பம்ப் தேய்ந்துவிடும். டேங்குக்கு அடியில் தீ மூட்டுவது, ஏர் ஃபில்டர் வாயில் எரியும் துணியைக் காட்டுவது, ஹீட்டர் பிளக் உள்ள வண்டியில் சட்டென்று தீப்பற்றும் ஈதர் ஸ்பிரே அடிப்பது மூன்றையும் செய்யவே கூடாது.

உரிமையாளர்களிடம் தனியாக ஒன்று கேட்கிறோம். மலை ஏறும்போது வண்டி ஹீட் ஆகிறது என்று தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்த வண்டிகள் ஏராளம். அது ஏறக்குறைய 82 டிகிரிக்குப் பிறகே திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடும். அது இல்லாவிட்டால் முதல் நிமிடத்திலிருந்தே ரேடியேட்டர் குளிர வைக்கும். ஊட்டியில் எவ்வளவு ஓட்டினாலும் இன்ஜின் வேண்டிய சூட்டுக்கு வராது. ஹீட் ஆனதற்கு உண்மைக் காரணம் அடைபட்ட ரேடியேட்டரோ தளர்ந்த பெல்ட்டோ ஆக இருக்கலாம். அதைச் சரிசெய்து, வால்வை மறுபடி போடுங்கள். ரேடியேட்டரில் வெறும் குழாய்த் தண்ணீர் வேண்டாம். கூலண்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி ஊற்றுங்கள். ஆயிலைக் கம்பெனிக் கையேடு சொல்லும் கிரேடில் போடுங்கள்.

ஏர் பிரேக் உள்ள பஸ், லாரிக்கு மட்டும் விதிவிலக்கு. காற்றழுத்தம் ஏறி எச்சரிக்கை மணி நிற்கும் வரை நகரக் கூடாது. அதற்குக்கூட 1,000 ஆர்பிஎம் அளவில் நிதானமாக ஓடினால் போதும். முந்தைய மாலையே ஏர் டேங்கில் சேர்ந்த தண்ணீரைத் திறந்துவிட்டால், காலையில் வால்வில் பனி கட்டாது.

கடைசியாக, இன்ஜினை விட உயிர் பெரிது. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் உறுதியாக வகைப்படுத்திவிட்டது. காட்டேஜ் ஜன்னலுக்குக் கீழே, மூடிய ஷெட்டுக்குள் வண்டியை ஓடவிடாதீர்கள். குளிருக்காகக் கண்ணாடியை ஏற்றி, இன்ஜினையும் ஹீட்டரையும் போட்டுக்கொண்டு வண்டிக்குள் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. விடுதி நடத்துபவர்களே, உங்கள் விருந்தினரை அழைத்துவரும் ஓட்டுநருக்கு ஒரு கட்டிலும் இரண்டு கம்பளியும் கொடுங்கள்.

இப்படிக்கு,
நீலகிரியில் டீசல் இன்ஜின் வேலை பார்க்கும் மெக்கானிக்குகள்