ஏரிக்கோடியில் அடுக்கிய மணல் மூட்டையை எடுங்கள்

ஊத்தங்கரை, அரூர் வட்டார ஏரிப் பாசன விவசாயிகளுக்கும், ஏரியில் மீன் குத்தகை எடுத்தவர்களுக்கும்,

வணக்கம். ஆவணி முடியப்போகிறது. இந்த வருஷம் எத்தனை புயல் என்று டீக்கடையில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. நமக்கு ஒன்று போதும், மெதுவாக நகர்கிற ஒன்று.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை ஏறியது. இங்கிருந்து நேர்க்கோட்டில் கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர். கரையைக் கடந்துவிட்டதாம் என்று கேட்டதும் நான் நிம்மதியாகப் படுத்துவிட்டேன். கரை கடந்தால் காற்றுதான் அடங்கும். சுமந்து வந்த ஈரம் எங்கே போகும்? ஞாயிறு வெகுநேரம் புயல் அங்கேயே நகராமல் கிடந்து, வலுவிழந்து மேற்கே வந்தது. டிசம்பர் 2 காலை அளந்தபோது ஒரே நாளில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர், அரூரில் 33. ஐம்பது என்றால் ஒரு ஏக்கர் மேல் 20 லட்சம் லிட்டர். ஊத்தங்கரையில் ரோட்டோரம் நிறுத்தியிருந்த வேனும் காரும் வெள்ளத்தில் போனதை ஊர் உலகமே செல்போனில் பார்த்தது.

யாரும் படம் பிடிக்காத ஒன்றைச் சொல்லத்தான் இந்த மடல். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற இடம்தான் கோடி. அந்த ஐப்பசியில் எங்கள் ஏரிக்கோடி மேல் இரண்டு வரிசை மணல் மூட்டை அடுக்கினோம். ஒரு முழம் தண்ணீர் கூட நின்றால் நெல்லுக்கு ஆகும் என்ற ஆசை. மீன் போய்விடாமல் குத்தகைக்காரர் வலையும் கட்டினார். மூட்டை சுமந்தவர்களில் நானும் ஒருவன். அந்த ராத்திரி ஆகாயத்தாமரையும் தென்னை மட்டையும் வந்து அப்பி, வலை சுவராகிவிட்டது. கோடியில் போக வேண்டிய தண்ணீர் கரை மேல் ஏறியது. விடியுமுன் நாலு பேர் இடுப்பில் கயிறு கட்டி இறங்கி, கொடுவாளால் வலையை அறுத்தோம். அறுந்ததும் என் காலடியில் இருந்த மூட்டை நழுவியது. கயிறு இல்லையென்றால் இதை எழுத நான் இல்லை. விடிந்து பார்த்தால் கரை மட்டத்துக்கு ஒரு சாண்தான் மிச்சம்.

உடைந்திருந்தால் எங்கள் ஊரோடு நின்றிருக்காது. மேல் ஏரித் தண்ணீர்தானே கீழ் ஏரிக்குப் போகிறது.

ஆகவே புரட்டாசிக்குள் கோடி மேல் இருக்கிற மூட்டை, கல் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். குத்தகைக்காரர்களே, போட்ட காசு உங்களுக்குப் பெரிதுதான், தெரியும். மார்கழி போகட்டும், பிறகு வலை கட்டுங்கள். மதகுத் திருகில் கிரீஸ் தடவி இப்போதே ஒருமுறை திருப்பிப் பாருங்கள். கோடிக்குக் கீழே ஓடையை உழுது கேழ்வரகு போட்டவர்களும் யோசிக்க வேண்டும். (எங்கள் ஊரில் அது என் பங்காளிதான், பேச்சு வார்த்தை நின்று இரண்டு மாசம் ஆகிறது.)

வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு எங்கள் ஏரியில் வேலை ஆரம்பிக்கிறோம். கடப்பாரை என்னிடம் இருக்கிறது. மண்வெட்டி இருப்பவர்கள் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
மூட்டை சுமந்தவர்களில் ஒருவன்