புனித ஆந்த்ரே: குருவும் அல்ல, வைத்தியரும் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

கனடாவின் மொன்றியல் நகரப் புனிதர் ஆந்த்ரே பெசெத் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை ஆர்வத்தோடு எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் படத்தின் கீழே 'அருட்தந்தை ஆந்த்ரே' என்றும், தலைப்பில் 'நோய் தீர்த்த மகான்' என்றும் போட்டிருக்கிறீர்கள். இரண்டுமே சரியில்லை. இரண்டாவது பட்டத்தைக் கேட்டிருந்தால் அவருக்குக் கோபமே வந்திருக்கும். 'நீங்கள்தான் குணமாக்கினீர்கள்' என்று சொன்னவர்களிடம், 'நான் யார்? எல்லாம் சூசையப்பர் செய்வது' என்று, இயேசுவின் வளர்ப்புத் தந்தையான புனித யோசேப்பைச் சொல்லிச் சீறுவாராம். தாழ்ச்சி உள்ளவர் என்றால் எந்நேரமும் சாந்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார் என்று நினைக்க வேண்டாம்.

அவர் குரு (பாதிரியார்) அல்ல, திருச்சிலுவை என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் அருட்சகோதரர். திருப்பலி (பூசை) நிறைவேற்றியதும் இல்லை, பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்டதும் இல்லை. தேடி வந்தவர்களைப் பாவசங்கீர்த்தனத்துக்கு ஒரு குருவிடம்தான் அனுப்புவார்.

கியூபெக் மாகாணத்துக் கிராமம் ஒன்றில் 1845 ஆகஸ்ட் 9-இல் பிறந்தவர். இயற்பெயர் ஆல்பிரட். தந்தை மரம் விழுந்து இறந்தார். தாயைக் காசநோய் கொண்டுபோனது. 12 வயதில் அநாதை. செருப்புத் தைத்தல், ரொட்டிக் கடை, கொல்லன் பட்டறை, அமெரிக்க நெசவாலை என்று எங்கே போனாலும் உடம்பு தாங்கவில்லை. 1870-இல் சபையில் சேர்ந்தபோதும் அதே சிக்கல். நோஞ்சான் என்று அவரை வார்த்தைப்பாடு (துறவற உறுதிமொழி) கொடுக்க விடத் தயங்கினார்கள். மொன்றியல் ஆயர் பூர்ஜே பரிந்து பேசியதால்தான் இடம் கிடைத்தது.

கொடுத்த வேலை, நோட்ரடாம் பள்ளியின் வாசல் காவல். 'நவதுறவுப் பயிற்சி முடிந்ததும் எனக்கு வாசலைக் காட்டினார்கள், 40 வருடம் அங்கேயே இருந்துவிட்டேன்' என்று பின்னாளில் அவரே கேலியாகச் சொல்வார். மணியடித்தால் கதவைத் திறப்பதோடு வேலை முடியவில்லை. தரையைத் தேய்க்க வேண்டும், விளக்குகளைப் பார்க்க வேண்டும், தபால் எடுத்து வர வேண்டும், மாணவர்களுக்கு முடி வெட்ட வேண்டும். முடி வெட்டக் கிடைத்த ஐந்து ஐந்து சென்டும், சூசையப்பர் சுரூபத்தின் (சிலையின்) முன் விழுந்த காணிக்கையும்தான் பள்ளிக்கு எதிரே மவுண்ட் ராயல் மலைமேல் சூசையப்பருக்கு எழுந்த முதல் சிற்றாலயத்துக்கு முதலீடு.

உங்கள் கட்டுரை ஒரே வரியில் தாண்டிவிட்ட அந்தக் கட்டுமானத்தைத்தான் நான் விரிவாக எதிர்பார்த்தேன். கடன் வாங்கக் கூடாது, கையில் காசு உள்ளவரை கட்டு, தீர்ந்தால் நிறுத்து என்பதே மேலிடத்தின் கட்டளை. 1904 அக்டோபரில் அந்தச் சிற்றாலயம் அர்ச்சிக்கப்பட்டபோது அதன் அளவு 15-க்கு 18 அடி. பீடம் வைத்தால் மிச்சம் ஒன்றுமில்லை; கதவை அகலத் திறந்துவிட்டு மக்கள் வெளியே நின்றார்கள். மொன்றியல் குளிரில் அது எத்தனை நாளைக்கு ஓடும்? சில வருடங்களில் நீட்டிக் கட்டி, வெப்பமூட்டவும் ஏற்பாடு செய்தார்கள். 1917-இல் ஆயிரம் பேர் அமரும் கீழ்க்கோயில். 1924-இல் தொடங்கிய பெருங்கோயில் வேலை, பொருளாதார மந்தத்தில் பணம் வற்றி 1931-இல் நின்றது. கூரையில்லாத சுவர்கள் ஆண்டுக்கணக்கில் பனியில் நனைந்தன. 1936-இல் யோசனை கேட்டபோது, 'சூசையப்பர் சுரூபத்தை உள்ளே கொண்டுபோய் வையுங்கள். கூரை வேண்டுமென்றால் அவரே பார்த்துக்கொள்வார்' என்றார் கிழவர். மறு வருடம் அவர் இறந்தபின் வேலை மீண்டும் தொடங்கியது. முழுதாக முடிய 1967 ஆயிற்று.

இனி, தேடி வந்த நோயாளிகளைத் தடவிக்கொள்ளச் சொன்ன அந்த எண்ணெய். கட்டுரை அதை ஏதோ மூலிகைத் தைலம்போல் காட்டுகிறது. பள்ளியில் இருந்த சூசையப்பர் சுரூபத்தின் முன் எரிந்த விளக்கின் சாதாரண எண்ணெய்தான் அது. சிறிது தடவிக்கொள், சூசையப்பரிடம் நவநாள் (ஒன்பது நாள் செபம்) செய், பாவசங்கீர்த்தனம் செய், விசுவாசத்தோடு இரு என்பதே அவர் சொன்ன முறை. அவர் வற்புறுத்தியது செபத்தை. எண்ணெயைத் தனியே பிரித்தெடுத்து மருந்தாக்கினால் இரண்டு கேடு: ஒன்று, அது மந்திரமாகிவிடும், இன்னொன்று, டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு எண்ணெயை மட்டும் நம்பி உட்காருவார்கள். பத்திரிகையில் அச்சாகும்போது இந்த எச்சரிக்கை இருந்தாக வேண்டும்.

அவர் காலத்திலேயே எதிர்ப்பு இருந்ததையும் எழுதியிருக்கலாம். போலி வைத்தியர் என்று சில மருத்துவர்கள் குற்றம் சாட்டினார்கள். பள்ளிக்கு வரும் நோயாளிகளால் பிள்ளைகளுக்கு நோய் தொற்றும் என்று பெற்றோர் முறையிட்டார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். பள்ளிக்கு எதிரே இருந்த டிராம் நிறுத்தக் கொட்டகையில் நோயாளிகளைப் பார்க்கும்படி சபையின் மேலதிகாரிகள் சொல்ல, மறுபேச்சில்லாமல் அங்கே போனார்.

வாழ்நாளில் நடந்ததாகச் சொல்லப்படும் சுகங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தும், புனிதர் பட்டத்துக்குத் திருச்சபை அவற்றைக் கணக்கில் எடுக்கவில்லை. முதலில் அவருடைய நற்பண்புகள் ஆராயப்பட்டு 1978-இல் 'வணக்கத்துக்குரியவர்' என்ற பட்டம் பெற்றார். கணக்கில் எடுத்த புதுமைகள் (அற்புதங்கள்) இரண்டுமே மரணத்துக்குப் பிந்தியவை: 1958-இல் புற்றுநோயிலிருந்து ஒருவர் குணமடைந்ததை வைத்து 1982 மே 23-இல் புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம், 1999-இல் விபத்தில் தலையில் அடிபட்டு நினைவிழந்த சிறுவன் பிழைத்ததை வைத்து 2010 அக்டோபர் 17-இல் புனிதர் பட்டம்.

இறந்தபின் கோயிலில் பாதுகாத்து வைக்கப்பட்ட அவருடைய இதயம் களவுபோன செய்தியையும் திருத்த வேண்டும். 1973 மார்ச்சில் திருடியவர்கள் 50,000 டாலர் கேட்டார்கள். கோயில் நிர்வாகம் பணம் கொடுக்கவில்லை. 1974 டிசம்பரில் மொன்றியல் அடுக்குமாடி ஒன்றின் அடித்தளப் பெட்டகத்தில் அது கிடைத்தது.

கடைசியாகத் திருநாள். அவர் இறந்தது 1937 ஜனவரி 6, 91-ஆம் வயதில். திருநாளும் அந்தத் தேதிதான்; கனடாவில் மட்டும் ஜனவரி 7-இல் கொண்டாடுகிறார்கள். அங்குள்ள உறவினரோடு சேர்ந்து நவநாள் தொடங்கும் வாசகர்கள் தேதியை ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்